வந்தவர் யார்? ஊரார் யார்?

"வந்தவர்கள்" என்ற சொல்லை நாம் புதிதாகக் கேட்பவர்கள் அல்லர். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து இந்நாட்டில் கரையிறங்கிய நாள் தொட்டு, அந்தச் சொல் நம் முதுகில் ஒட்டிக்கொண்டே வருகிறது. காட்டை வெட்டினோம், கன்று நட்டோம், விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவினோம். மூன்று நான்கு தலைமுறையாக இம்மண்ணிலேயே பிறந்து இம்மண்ணிலேயே புதைந்தும் வருகிறோம். ஆயினும் அரசியல் மேடை சூடேறும்போதெல்லாம் யாராவது ஒருவர் அந்தச் சொல்லை எடுத்து நம் மீது வீசத்தான் செய்கிறார். மறுமொழி சொல்லிச் சொல்லி நமக்கும் நா வறண்டு விட்டது.

ஆகவே இம்முறை நாம் மறுமொழி சொல்லப் போவதில்லை. ஓர் அம்மையாரின் வாழ்க்கையைத் தோழர்கள் முன் வைக்கப் போகிறோம். அவர் தமிழர் அல்லர். தோட்டத்தைச் சேர்ந்தவரும் அல்லர். இங்கிலாந்தில் பிறந்து ஹாங்காங்கில் குடியேறிய வெள்ளைக்கார மாது. "துரைமார் இனத்துப் பெண்ணைப் பற்றித் தொழிலாளர் ஏட்டில் என்ன பேச்சு?" என்று கேட்கும் தோழர்கள் சற்றுப் பொறுத்து முழுவதையும் படிக்க வேண்டுகிறோம்.

கூடாரத்தில் தொடங்கிய பள்ளி

எல்சி ஹியூம் 1913-ஆம் ஆண்டு நியூகாசில் நகரில் பிறந்தார். பட்டம் பெற்று ஆசிரியையாக வேலை பார்த்தார். மணமானபின் எல்சி எலியட் ஆனார். 1948-இல் கணவரோடு கிறிஸ்துவ சமய ஊழியராகச் சீனாவுக்குப் போனார். அங்கே ஆட்சி மாறிற்று. அந்நிய ஊழியர்கள் வெளியேற வேண்டி வந்தது. 1951-இல் அவர் ஹாங்காங் வந்து சேர்ந்தார்.

அந்நாள் ஹாங்காங் எப்படி இருந்தது? சீனாவிலிருந்து அகதிகள் சாரி சாரியாக வந்துகொண்டிருந்தார்கள். தகரமும் பலகையும் கிடைத்தவர்கள் மலைச்சரிவில் குடிசை போட்டார்கள். 1953-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் என்ற குடிசைப் பகுதி தீப்பற்றி எரிந்து, 50,000-க்கு மேற்பட்டோர் ஒரே இரவில் வீடிழந்தார்கள். அதன்பின் அரசாங்கம் மாடிக் கட்டடங்கள் கட்டி ஜனங்களைக் குடியேற்றியது. அங்கே பெரியவர் ஒருவருக்கு ஒதுக்கிய இடம் 24 சதுர அடி; பிள்ளைக்கு அதில் பாதி. ஒரு பாய் விரித்தால் இடம் தீர்ந்தது. லயத்து வீட்டின் நெருக்கடியை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வெள்ளைக்காரர்களுக்கோ அங்கே மலையுச்சியில் பங்களா இருந்தது, கிளப் இருந்தது. எல்சி அம்மையார் அந்தப் பக்கம் போகவில்லை. காய்தாக் விமான நிலையத்துக்கு அருகில் இருந்த குடிசைப் பகுதிக்கே வந்தார். அவர் சார்ந்திருந்த சமயப் பிரிவில், சபை கூடும்போது பெண்கள் வாய் திறப்பது வழக்கமில்லை. சுற்றிலும் மக்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருப்பது அவருக்குப் பாவமாகப் பட்டது. சபையை விட்டார், இல்லற வாழ்க்கையும் முறிந்தது. உற்றார் உறவினர் இல்லாத ஊரில், நாற்பது வயதில், தனிமரமாக நின்றார்.

1954-இல் ஒரு பழைய ராணுவக் கூடாரத்தை அடித்து, சுமார் 30 பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் தொடங்கினார். அதுவே மு குவாங் பள்ளி. அப்பள்ளியைக் கட்டியெழுப்பியதில் அவருக்குத் தோள் கொடுத்தவர் ஆண்ட்ரூ டூ என்ற ஆசிரியர். அவரும் ஹாங்காங்கில் பிறந்தவர் அல்லர்; உள்மங்கோலியாவிலிருந்து வந்தவர். நெடுங்காலம் தோழராக இருந்த அவரையே 1985-இல் அம்மையார் மணந்து எல்சி டூ ஆனார். அந்தப் பள்ளி இன்று குவுன் டோங் வட்டாரத்தில் பெரிய பள்ளியாக நிற்கிறது.

பள்ளி நடத்தியதால்தான் அவர் பொதுவாழ்வுக்கு வந்தார் என்பது நம் கருத்து. பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்டால், குடிசையை இடித்துவிட்டார்கள் என்று பதில் வரும். தகப்பன் எங்கே என்று கேட்டால், தெருவில் பண்டம் விற்றதற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று என்று பதில் வரும். பிள்ளையின் சிலேட்டைத் திருத்த வந்தவர், அதன் வீட்டுக் கணக்கையும் திருத்த வேண்டி வந்தது.

வாக்கில்லாதவரின் பிரதிநிதி

ஹாங்காங்கில் நகரமன்றம் ஒன்று இருந்தது. சந்தை, தெருவியாபார லைசென்ஸ், குப்பை, கக்கூஸ், பூங்கா ஆகியவையே அதன் அதிகாரம். அங்கத்தினர்களில் ஒரு பகுதியினரைக் கவர்னர் நியமித்தார். ஒரு பகுதியினரை வாக்காளர் தேர்ந்தெடுத்தனர். அந்த வாக்காளர் யார்? படிப்பு, வரி, உத்தியோகம் என்று வேலி கட்டி, அந்த வேலிக்குள் இருந்த சிலருக்கே வாக்குரிமை தரப்பட்டிருந்தது. கூலிக்காரனுக்கும் குடிசைவாசிக்கும் வாக்கு இல்லை. அந்த வேலி பெருமளவு விலகிப் பொதுமக்கள் நகரமன்றத்துக்கு வாக்களித்தது 1983-இல்தான்.

1963-ஆம் ஆண்டு எல்சி அம்மையார் அத்தேர்தலில் நின்று வென்றார். அது கடும் வறட்சி ஆண்டு. 4 நாளைக்கு ஒருமுறை 4 மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வந்தது. வாளியும் தகரடின்னும் வரிசையாக நின்ற அந்த ஊரில், குப்பைக்கும் கக்கூசுக்கும் பொறுப்பான சின்ன மன்றம் சின்ன விஷயமாக இருக்க முடியுமா?

அவர் அந்த நாற்காலியை எப்படிப் பயன்படுத்தினார் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி. மன்றத்தின் அதிகாரம் குறுகியது. ஆனால் மன்ற அங்கத்தினர் என்ற பெயரில் எழுதும் கடிதத்துக்கு எந்த இலாகாவும் பதில் சொல்லியாக வேண்டும். அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். வந்தவர்கள் குறையை உட்கார்ந்து கேட்டார், எழுதினார். பதில் வராவிட்டால் மீண்டும் எழுதினார், பத்திரிகைக்கும் எழுதினார். குடிசை இடிபட்ட குடும்பம், லைசென்ஸ் மறுக்கப்பட்ட தெருவியாபாரி, வேன் ஓட்டி, காவல் நிலையத்தில் அடிபட்ட இளைஞன் என்று அவரை நாடி வந்தோரில் பெரும்பாலோருக்கு அவருக்குப் போட ஒரு வாக்கும் கிடையாது!

தோழர்களே, இதை நின்று யோசிக்க வேண்டும். வாக்குக்காக உழைப்பவர் தேர்தல் முடிந்ததும் மறைவதை நாம் பார்த்திருக்கிறோம். வாக்கே இல்லாதவருக்கு உழைப்பவரை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஐந்து காசு

1965-இல் ஸ்டார் பெர்ரி என்ற படகுக் கம்பெனி கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டது. ஹாங்காங் தீவுக்கும் கவுலூனுக்கும் இடையே அப்போது கடலடிச் சுரங்கப் பாதை இல்லை; அது 1972-இல் வந்தது. வேலைக்குப் போகிறவன் படகையே நம்பியிருந்தான். கம்பெனி கேட்டது முதல் வகுப்புக்கு 20 காசிலிருந்து 25 காசு. "ஐந்து காசுதானே, அதுவும் முதல் வகுப்பில்தானே" என்றார்கள் பெரியவர்கள். ஒரு கட்டணம் ஏறினால் பஸ்ஸும் ஏறும், அரிசியும் ஏறும் என்று ஜனங்கள் அஞ்சினார்கள். அம்மையார் அந்த அச்சத்தைக் கையில் எடுத்தார். 20,000-க்கு மேற்பட்ட கையொப்பங்கள் திரட்டி எதிர்ப்பைத் தெரிவித்தார்.

ஆயினும் உயர்வு அங்கீகரிக்கப்பட்டது. 1966 ஏப்ரல் 4-ஆம் தேதி ஓர் இளைஞர் படகுத் துறையில் உண்ணாவிரதம் இருந்தார். அவர் சட்டையில் எல்சியை வாழ்த்தும் வாசகம் எழுதப்பட்டிருந்தது. மறுநாள் அவரைக் கைது செய்தார்கள். அதன்பின் கவுலூன் தெருக்களில் கலவரம் மூண்டது. ஓர் உயிர் போயிற்று. 1,400-க்கு மேற்பட்டோர் கைதானார்கள்.

கலவரத்தை யார் தலையில் கட்டுவது? விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. மனு எழுதிய அம்மையாரைக் கூண்டில் ஏற்றாத குறையாகக் குடைந்தார்கள். கல்லெறியும்படி இளைஞர்களுக்கு அவரே காசு கொடுத்தார் என்ற பேச்சும் கிளப்பப்பட்டது. அப்படி எதுவும் நிலைநாட்டப்படவில்லை. தம்மை நம்பிச் செய்தி சொன்னவர்களின் பெயரைக் கேட்டபோது, அம்மையார் சொல்ல மறுத்துவிட்டார்.

சங்கத்தில் பொறுப்பு வகித்த எவருக்கும் இந்த இடம் புரியும். "உனக்கு யார் சொன்னது?" என்று ஆபீசில் கேட்கும்போது, சொன்னவன் பெயரை விழுங்கிக்கொள்பவரே தலைவர். பெயரைக் கொடுத்துத் தான் தப்பிப்பவர் எத்தனை வாய்ச்சவடால் அடித்தாலும் தலைவர் ஆகமாட்டார்.

தேநீர்க் காசு

நாம் காப்பிக் காசு என்று சொல்வதை ஹாங்காங்கில் தேநீர்க் காசு என்பார்கள். கடை போட்டவன் கொடுத்தான். வேன் ஓட்டியவன் கொடுத்தான். கொடுக்காதவன் சரக்கை இழந்தான். எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை வெளியே சொல்லத்தான் ஆள் இல்லை. எல்சி அம்மையார் ஆண்டுக்கணக்காக அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மிகைப்படுத்துகிறார் என்று பதில் வந்தது.

1973-இல் பீட்டர் காட்பர் என்ற போலீஸ் உயர் அதிகாரி, தம் வருமானத்துக்கு ஒவ்வாத 43 லட்சம் ஹாங்காங் டாலர் சொத்தைப் பற்றி விசாரணை நடக்கும்போதே விமானமேறி இங்கிலாந்துக்கு ஓடினார். மாணவரும் இளைஞரும் தெருவுக்கு வந்தார்கள். 1974 பிப்ரவரியில் போலீசுக்குக் கட்டுப்படாத ஊழல் ஒழிப்புத் தனி ஆணையம் தோன்றியது. காட்பர் 1975-இல் திருப்பிக் கொண்டுவரப்பட்டு 4 ஆண்டு சிறைத் தண்டனை அடைந்தார்.

இது அம்மையார் ஒருவரால் வந்தது என்று சொன்னால் பொய். தெருவில் நின்ற இளைஞரும், ஆணையத்தை அமைத்த கவர்னர் மெக்லிஹோஸும் இதில் பங்குடையவர்கள். ஆனால் பத்து ஆண்டுகளாக ஒரு குரல் அலுக்காமல் ஒலித்திராவிட்டால், காட்பர் ஓடிய நாளில் "ஒரு திருடன் ஓடினான்" என்று மட்டும் ஊர் பேசியிருக்கும். ஏற்பாடே அழுகியது என்று ஊர் உணர்ந்ததில் அந்தக் குரலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1976-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

மறைக்கக் கூடாதவை

புகழ்மாலை சூட்டுவது நம் நோக்கமன்று. ஆகையால் இரண்டு விஷயங்களை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்.

ஒன்று, அவர் தோலின் நிறம். அந்தக் காலனியில் ஒரு சீனத் தெருவியாபாரி போலீசை அப்படிப் பேசியிருந்தால் அன்றிரவே லாக்கப்பில் கிடந்திருப்பான். அம்மையார் வெள்ளையர் என்பதால் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு மற்றவருக்கு இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தம் சௌகரியத்துக்குக் குடையாக விரிக்காமல், நனைபவர்கள் மேல் பிடித்தார் என்பதும் உண்மை.

இரண்டு, அவருடைய பிற்காலம். 1988-இல் சட்டமன்றத்துக்கும் சென்ற அவர், ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் காலம் நெருங்கியபோது, கடைசி கவர்னரின் தேர்தல் சீர்திருத்தத்தை ஏற்கவில்லை. பீக்கிங் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று ஜனநாயகவாதிகள் மனம் கசந்தார்கள். 1995-இல் ஜனநாயகவாதியான செட்டோ வாவிடம் நகரமன்றத் தொகுதியிலும் சட்டமன்றத் தொகுதியிலும் தோற்றார். பிறகு பீக்கிங் அமைத்த இடைக்காலச் சட்டமன்றத்தில் 1998 வரை இருந்தார். அவர் முடிவு சரியா தவறா என்று ஹாங்காங் மக்கள் இன்றும் வாதாடலாம். நம்மைக் கேட்டால், வாக்கில்லாதவருக்காக வாழ்ந்தவர் வாக்குரிமை விரிவதற்குத் தயங்கியது நமக்கு வருத்தமே. ஆனால் 32 ஆண்டு நகரமன்ற ஊழியத்தை அந்த ஒரு வருத்தத்தால் அழித்துவிட முடியாது. 2015 டிசம்பர் 8-ஆம் தேதி, 102-ஆம் வயதில், தாம் வந்து சேர்ந்த அதே ஊரில் அவர் கண்மூடினார்.

நமக்கு என்ன?

அந்த நகரமன்றமே 1999-ஆம் ஆண்டு முடிவில் கலைக்கப்பட்டது. கதை நமக்கு நெருங்கி வருவது இங்கேதான்.

நம் நாட்டிலும் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் இருந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் ஜனங்கள் நகராண்மைக்கு வாக்களித்தார்கள். 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி அத்தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதை ஆராய அமைந்த அரச கமிஷனுக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அக்கமிஷன் 1968-இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மன்ற அங்கத்தினர்களை மாநில அரசுகளே நியமிக்கின்றன.

"தோட்டம் தனியார் நிலம், குப்பைக்கும் சாலைக்கும் நிர்வாகத்தைக் கேள்" என்று மன்றங்கள் நம்மைக் கைகழுவிய காலத்தை மூத்த தோழர்கள் அறிவார்கள். ஆனால் தோட்டம் விற்கப்பட்டு, மரம் சாய்ந்து, வீடமைப்புத் திட்டம் எழும்போது, அத்திட்டத்துக்கு அனுமதி தரும் இடம் எது? அதே மன்றம்தான். லயத்துக் குடும்பங்கள் எங்கே போவது, கோயில் எங்கே நிற்பது, இடுகாடு என்னாவது, தமிழ்ப் பள்ளிக்கு நிலம் உண்டா என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் கோடாக விழுகின்றன. கோடு விழுந்தபின் அழுது பயன் என்ன? கோடு விழுமுன் கடிதம் எழுத ஆள் வேண்டாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது, நாற்காலிக்காகக் காத்திருக்க வேண்டாம். நியமன அங்கத்தினர் யார் என்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அறிந்திருக்க வேண்டும். குறையைத் தேதியோடும் கையொப்பத்தோடும் எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வரும்வரை மீண்டும் மீண்டும் எழுத வேண்டும். இங்கே கிராணிமார்களின் உதவி பெரிது. செக்ரோல் எழுதும் கை ஒரு மகஜரும் எழுதினால் குறைந்துவிடாது. ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையையும் அதோடு கைவிடாமல் பேச வேண்டும்.

இரண்டாவது, பெண்கள். ஆணோடு சமமாகப் பெண்ணும் மரம் சீவுகிறாள், வாளி சுமக்கிறாள். தண்ணீர் வராததும், குழந்தைக் கொட்டகை ஒழுகுவதும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். ஆனால் கூட்டம் என்று வந்தால் அவள் கடைசி வரிசையில் நிற்கிறாள், பேசுவது நாம். சபையில் வாய் திறக்கக் கூடாது என்றிருந்த ஒரு பெண் வாய் திறந்தபோது ஒரு நகரத்தின் குறை வெளிப்பட்டது. நம் தோட்டங்களில் வாய் மூடியிருக்கும் அக்காமார்களிடம் எத்தனை உண்மைகள் அடைபட்டுக் கிடக்கின்றனவோ! அவர்களை முன் வரிசையில் அமர்த்துவது உபகாரம் அன்று. சங்கத்துக்கு அதுவே பலம்.

மூன்றாவது சற்றுக் கசக்கும். நாம் விட்டுவந்த லயங்களில் இன்று இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் குடியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது நம்மில் சிலர் வாயிலிருந்து வரும் சொல் எது? நம் பாட்டன் மேல் வீசப்பட்ட அதே சொல் அல்லவா? கூலியைக் குறைக்க அவர்களைக் கொண்டுவருபவர் வேறு. பிழைக்க வந்தவர் வேறு. முன்னவரை எதிர்ப்பது சங்கத்தின் கடமை. பின்னவரை ஏசுவது நம் பாட்டனையே ஏசுவதாகும்.

யார் வந்தவர், யார் ஊரார் என்று தலைப்பில் கேட்டோம். எல்சி அம்மையாரின் வாழ்க்கை அதற்கு விடை சொல்லிவிட்டது. நியூகாசிலில் பிறந்தவரை ஹாங்காங்காரராக ஆக்கியது பாஸ்போர்ட் அன்று. அடுத்த வீட்டுக்காரனின் குறையைத் தன் குறையாகச் சுமந்து நடந்த 50, 60 ஆண்டுகள்தாம். அப்படிச் சுமப்பவரை எவரும் வெளியே தள்ள முடியாது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குத் தோழர்கள் வரும்போது ஒரு குறையை எழுதிக்கொண்டு வாருங்கள். அது உங்கள் வீட்டுக் குறையாக இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக் குறையாக இருக்கட்டும்.